உபகாரசாமி முறை

நாமக்கல் பக்கத்தில் எது நடந்தாலும் பழி பிராய்லர் கோழி மேல்தான் விழும். ஏழாம் வகுப்புப் பையனுக்கு மீசை அரும்பினால் கோழி. மருமகளுக்கு முடி கொட்டினால் கோழி. வாத்தியாருக்குத் தொப்பை விழுந்தாலும் கோழிக்குப் போட்ட ஊசிதான் காரணம் என்று டீக்கடையில் முடிவாகிவிடும். இந்தப் பேச்சு பத்து வருஷம் ஓடியதன் பலனாக, உயிரின ஹார்மோன் கண்காணிப்பு ஆணையம் என்று ஒன்று ஏற்பட்டது. அதன் மண்டல அலுவலகம் நாமக்கல்லில் ஒரு மாடிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. முப்பத்தொரு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். இரண்டு ஜீப் வந்தது. இரண்டு ஜீப்பின் கதவிலும் ஒரு கோழியும் அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வரையப்பட்டிருந்தன.

மூன்று வருஷம் கோழிகளைப் பிடித்துச் சோதித்தார்கள். ஊசி போட்ட கோழி ஒன்றுகூடச் சிக்கவில்லை. லட்சம் கோழிக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் பொழுது கிடையாது. பண்ணையில் தீவனம் அள்ளுகிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் அலுவலகத்தை இழுத்து மூடிவிடுவார்களே என்ற கவலை மண்டல இயக்குநர் கைலாசத்தை அரிக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து சங்ககிரியிலிருந்து உபகாரசாமி தானாகவே பஸ் ஏறி வந்து மாட்டினார்.

உபகாரசாமி இருபது வருஷம் லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் தட்டு விலகி, இனி ஸ்டியரிங்கைத் தொட்டால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, நாலு தேனீப் பெட்டி வாங்கி வைத்தார். அது ஏழு வருஷத்தில் நாற்பது பெட்டி ஆகியிருந்தது. முருங்கை பூத்தால் முருங்கைத் தோட்டம், எள் பூத்தால் எள்ளுக்காடு, சூரியகாந்தி பூத்தால் அங்கே என்று வாடகை மினி லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பூவின் பின்னாலேயே போவார். லாரிக்காரருக்கு ஊர் ஊராகப் போவது ஒரு சிரமமில்லை. அவருக்கும் மனைவி இன்னாசிமேரிக்கும் அந்த நாற்பது பெட்டியைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது.

சேலம் சூரமங்கலத்தில் கடை வைத்திருக்கும் ஜாபர்தான் வழக்கமாகத் தேனை எடுத்துக்கொள்வார். அவர் அந்த மாசி மாதம் ஒரு புதுச் சங்கதி சொன்னார். கோழியைப் பற்றிய பேச்சு முட்டைக்குப் போய், முட்டையிலிருந்து பாலுக்குப் போய், இப்போது தேனுக்கும் வந்துவிட்டதாம். ஹார்மோன் இல்லை என்று பாட்டிலில் எழுதாவிட்டால் வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளிக்கிறார்களாம். நாமக்கல்லில் அதற்கென்று ஒரு ஆபீஸே இருக்கிறது, ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்துவிடுங்கள் என்றார். உபகாரசாமிக்கு இதில் தப்பாக ஒன்றும் படவில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று நினைத்தார்.

அலுவலகத்தில் உதவியாளர் பச்சமுத்து ஒரு படிவத்தைக் கொடுத்தார். அது கோழிப் பண்ணைக்கான படிவம். ஆணையத்தில் வேறு படிவம் கிடையாது. கூண்டுகள் எத்தனை என்ற இடத்தில் உபகாரசாமி நாற்பது என்று எழுதினார். சேவல் எத்தனை என்ற இடத்தில் யோசித்தார். ஆண் தேனீக்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணிப் பார்த்ததில்லை என்று சொன்னதற்கு, பச்சமுத்து தோராயமாகப் போடச் சொன்னார். பதினான்காவது கட்டத்தில் "ஊசி போட்டவர் பெயர்" என்று இருந்தது.

"இங்க யாரும் ஊசி போடலீங்களே" என்றார் உபகாரசாமி.

"சரி. ஆனா காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காதுங்க. ஏதாச்சும் ஒரு பேரு வேணும்."

"எம்பேரையே எழுதிக்கட்டுங்களா?"

"அது இன்னும் நல்லது. மேல எழுதுன பேரும் கீழ எழுதுன பேரும் ஒண்ணா இருந்தா கேள்வி வராது."

உபகாரசாமி தன் பெயரைத் தெளிவாக, புள்ளி விடாமல் எழுதினார். வாழ்க்கையில் எத்தனையோ செக்போஸ்ட்டில் எத்தனையோ படிவத்தில் எழுதியவர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மாதிரி எடுக்க ஜீப் வந்தது. உபகாரசாமி ஒரு பாட்டில் தேனைத் துடைத்து, மூடியை இறுக்கித் தயாராக வைத்திருந்தார். பச்சமுத்து அதைத் தொடவில்லை. ஆணையத்தின் விதிப்படி முட்டையை அனுப்பக்கூடாது, முட்டையிட்ட பறவையைத்தான் அனுப்ப வேண்டும். எனவே தேனை அனுப்ப முடியாது, தேனீயைத்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் விளக்கினார். கோழி பிடிக்கும் வலையைக் கொண்டு தேனீ பிடிக்க முயன்றதில் ஏழு தேனீயும், அவருக்குக் கீழ் உதட்டில் இரண்டு கொட்டும் கிடைத்தன. ஏழு போதாது என்றதால் மிச்சத்தை உபகாரசாமியே ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுத்தார். தன் கையாலேயே கொடுத்ததை நினைத்து அவர் பின்னால் பல நாள் தலையில் அடித்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் முடிவு வந்தது. ஹார்மோன் உள்ளது.

அன்று ஆணைய அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு லட்டு கொடுத்தார்கள். மூன்று வருஷம் தவமிருந்து பெற்ற முதல் ஹார்மோன். கைலாசம் தன் அறைக்கு வெளியே வந்து, எல்லா மேசைக்கும் போய்க் கை குலுக்கினார் என்று கேள்வி.

உபகாரசாமிக்கு வந்த நோட்டீஸ் நாலு பக்கம். பதினான்காவது கட்டத்தில் அவரே ஒப்புக்கொண்டபடி அவர்தான் ஊசி போட்டவர். பெட்டிக்குப் பதினைந்தாயிரம் தேனீ வீதம் நாற்பது பெட்டிக்கு ஆறு லட்சம் தேனீக்கள். ஆகவே ஆறு லட்சம் ஊசிகள். பயன்படுத்திய ஆறு லட்சம் ஊசிகளையும் மருத்துவக் கழிவு விதிகளின்படி எங்கே, எப்போது, யார் முன்னிலையில் அழித்தார் என்பதற்கு ஏழு நாளில் சான்று தர வேண்டும். அதுவரை நாற்பது பெட்டிகளும் வழக்குச் சொத்து. இருக்கும் இடத்தைவிட்டு ஓர் அடி நகர்த்தக்கூடாது.

இன்னாசிமேரி நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு அதுல பேரு எழுதுனீங்க?"

"காலியா உட முடியாதுன்னாங்க மேரி."

"அப்ப அவங்க பேரை எழுதியிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு இன்னாசிமேரி அடுப்படிக்குப் போய்விட்டார்.

நோட்டீஸின் கடைசி வரியில்தான் உயிர் போகிற விஷயம் இருந்தது. முருங்கைப் பூ முடிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அந்தத் தோட்டத்தில் தேனீக்கு ஒரு துளி கிடைக்காது. திருச்செங்கோட்டுப் பக்கம் எள் பூக்கப் போகிறது. பெட்டிகளை அங்கே கொண்டுபோகாவிட்டால் பங்குனி வெயிலில் நாற்பது பெட்டியும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். ஆணையத்துக்கு அவசரமில்லை. தேனீக்கு இருந்தது.

ஜாபரின் தங்கை மகள் சாதியா சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறார். உபகாரசாமி நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். சாதியா படித்துவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் இது நிஜ நோட்டீஸ் என்று தெரிந்து சிரிப்பை நிறுத்தினார்.

"அண்ணா, ஹார்மோன் இருக்கத்தான் செய்யும். தேனீ அதைத் தானே சுரக்குது. யாரும் வெளியில இருந்து போடறதில்ல."

"எங்கீங்க அம்மிணி சுரக்குது?"

மூளைக்குப் பின்னால் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். கடுகை நூறாக உடைத்தால் அதில் ஒரு துண்டு அளவுகூட இருக்காது. தின்ற தீனியிலிருந்து உடம்பே அதை அங்கே தயார் செய்து இரத்தத்தில் விடுகிறது. இளமை ஹார்மோன் என்று பெயர். பூச்சியைப் புழுப் பருவத்திலேயே இளசாக வைத்திருக்கும் பொருளாக முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். கூட்டில் பிறந்த வேலைக்காரத் தேனீக்கு முதல் இரண்டு மூன்று வாரம் அது குறைவாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் அது உள்ளேயே இருந்து புழுக்களுக்கு ஊட்டும். பிறகு சுரப்பு ஏறும். ஏறினால் ஊட்டுகிற வேலையை விட்டுவிட்டுப் பூவைத் தேடி வெளியே போய்விடும். இதற்கு மேலே இருந்து யாரும் உத்தரவு போடுவதில்லை. வெளியே போய் வருகிற மூத்த தேனீக்கள் நிறைய இருந்தால், வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொள்ளும்போது அவற்றிடமிருந்து வருகிற ஒரு பொருள் சின்னவற்றுக்குச் சுரப்பு ஏறாமல் பிடித்து வைக்கும். மூத்தவை குறைந்துபோனால் பிடி விட்டுப்போகும். சின்னவை வயதுக்கு முன்பே பெரியவை ஆகி, வேலைக்குக் கிளம்பிவிடும்.

உபகாரசாமி ஏழு வருஷமாகக் கண்ணால் பார்த்ததுதான். அதற்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று தெரியாமல் இருந்தார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். இதையெல்லாம் அப்படியே ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்றார். சாதியா கல்லூரி முத்திரையோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நல்ல மனசோடு எழுதிய கடிதம். ஆணையத்தின் கையில் அதைவிட ஆபத்தான ஆயுதத்தை யாரும் கொடுத்திருக்க முடியாது.

விசாரணை நாளில் கைலாசம் அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருந்த பதினோரு பேரைப் பார்த்துப் பேசினார். பதினோரு பேரும் அவருடைய ஊழியர்கள். உபகாரசாமிக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை.

"ஊசி இல்லைன்னு இந்த அம்மா சொல்றாங்க. ஏத்துக்கறேன். நான் நியாயம் தெரிஞ்சவன். ஆனா இதுல ஒரு உண்மை வெளியில வந்திருக்கு. ஹார்மோன் உற்பத்தி நடக்கிற இடம் மூளைக்குப் பின்னால, தேனீக்கு ரெண்டு. அப்ப ஆறு லட்சம் தேனீக்குப் பன்னெண்டு லட்சம் உற்பத்திக் கூடம். பன்னெண்டு லட்சத்துல ஒண்ணுக்காவது லைசென்ஸ் இருக்கா? கட்டட வரைபடம் ஒப்புதல் ஆகியிருக்கா? தீயணைப்புத் துறைச் சான்று? எதுவும் இல்ல. சட்டத்துக்குத் தெரியாம மூளைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காங்க. எங்க ஆணையம் கண்டுபிடிக்கலைன்னா இது இப்படியே எத்தனை கோடி வருஷம் நடந்திருக்குமோ."

பதினோரு பேரும் தலையசைத்தார்கள். கைலாசம் கடிதத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"அதுலயும் பாருங்க, இளமை ஹார்மோன். அது வயசான தேனீக்குத்தான் அதிகமாம். இதுக்குப் பேரு மோசடி இல்லாம என்ன? எனக்கு அம்பத்தேழு ஆகுது. எனக்கு ஏறுதா?"

ஏறவில்லை என்று பச்சமுத்து பணிவாகச் சொன்னார்.

தீர்ப்பு கருணையோடு வழங்கப்பட்டது. ஹார்மோன் அதிகமுள்ள மூத்த தேனீக்களைப் பிரித்து ஆணையத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். குறைவாக உள்ள இளம் தேனீக்களை உபகாரசாமி வைத்துக்கொள்ளலாம். பிறகு மறுபரிசோதனை. அதில் தேறினால் பெட்டிகளை விடுவிப்பார்கள்.

மூத்தவற்றைப் பிடிப்பது தேனீ வளர்ப்பவருக்குத் தெரிந்த வேலைதான். பகலில் பெட்டியைத் தூக்கிப் பத்தடி தள்ளி வைத்துவிட்டால், வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றும். அங்கே ஒரு காலிப் பெட்டியை வைத்தால் அதில் புகுந்துவிடும். பத்தடி நகர்த்துவதற்குத் தனியாக ஒரு தற்காலிக அனுமதி வந்தது. நாற்பது பெட்டியிலும் உபகாரசாமி அதைச் செய்தார். கால் முழுக்க மகரந்தத்தோடு வந்து, கூட்டைக் காணாமல் அவை தவித்துச் சுற்றியதை அவரால் பார்க்க முடியவில்லை. வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பிடித்தார். பிடித்ததை ஜீப்பில் ஏற்றி நாமக்கல் கொண்டுபோனார்கள். உரிய முறையில் அப்புறப்படுத்தத் தனிக் குழு அமைக்கும்வரை அலுவலக மொட்டை மாடியில் வைத்தார்கள். குழு அமைவதற்குள் வெயிலே அந்த வேலையை முடித்துவிட்டது.

மூன்றாம் நாள் எடுத்த மாதிரியில் ஹார்மோன் பாதியாகக் குறைந்திருந்தது. கைலாசம் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார். அலுவலக வாசலில் அவர் படம் போட்ட பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் தேனீயின் படம் கிடைக்காமல் ஈயின் படத்தைப் போட்டிருந்தார்கள். உறுதி செய்துகொள்ள இன்னும் பத்து நாளில் ஒரு முறை எடுத்துவிட்டு விடுவித்துவிடலாம் என்றார்.

பத்து நாள் கழித்து எடுத்ததில் ஹார்மோன் பழையபடி ஏறி நின்றது. மூத்தவை போய்விட்டன அல்லவா, சின்னவை கிளம்பிவிட்டன. ஊட்டிக்கொண்டிருந்தவை ஊட்டுவதை விட்டுவிட்டு, இருக்கிற நாலு பூவைத் தேடிப் போயின. புழுக்களைக் கவனிக்க ஆள் குறைந்துபோனது. இதைத்தான் சாதியா கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தப் பத்தியை யாரும் படிக்கவில்லை, அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

முருங்கை உதிர்ந்துவிட்டது. திருச்செங்கோட்டில் எள் பூத்துவிட்டது என்று போன் வந்தது. உபகாரசாமி நாமக்கல்லுக்கு ஓடினார். வழக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும், பெட்டியை மட்டும் பூ இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக விடுங்கள் என்று கெஞ்சினார். அதற்கு இடப்பெயர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அந்தப் பிரிவு மாடியில் கடைசி அறை. அங்கே ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலி முதுகில் ஒரு துண்டு இருந்தது. ஆள் இல்லை.

அந்த நாற்காலியில் இருந்த கண்காணிப்பாளர் ஆண்டி ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது என்று பச்சமுத்து சொன்னார். அவருக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் வேலை தெரியும். யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. ஏழு மாதத்தில் வந்த அத்தனை விண்ணப்பமும் மேசைமேல் அடுக்கியிருந்தது. தூசு படியாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். உறையைத் துடைக்க ஓர் ஆள் இருந்தார்.

உபகாரசாமி அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். நேரே கைலாசத்தின் அறைக்குள் போய் நின்றார்.

"சார், எங்க பெட்டியில பெரிசுக அத்தனையும் புடிச்சுக் குடுத்தனுங்க. பத்தே நாளு. சின்னதுக தானா அந்த வேலைக்கு வந்துருச்சுங்க. யாரும் ஆர்டர் போடலீங்க. உங்க ஆபீஸ்ல ஒருத்தரு போயி ஏழு மாசம் ஆச்சுங்க. ஆறு பேரு சுத்தி உக்காந்து துண்டைப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

கைலாசம் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"அதுங்களுக்கு சர்வீஸ் ரூல்ஸ் இல்லப்பா. அதான் இப்படி ஒழுங்கீனமா இருக்கு."

பிறகு அவர் கடிதத்தை எடுத்து முதல் பக்கத்தை மறுபடியும் படித்தார். தின்ற தீனியிலிருந்து உடம்பு அதைத் தயார் செய்கிறது என்ற வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார். எதிர்பாராமல் கிடைத்த வெற்றியில் முகம் மலர்ந்தது. மூலப்பொருளை நிறுத்தினால் உற்பத்தி தானாக நிற்கும் அல்லவா. பூ இல்லாத நாளில் உபகாரசாமி பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைப்பது வழக்கம். அது ஹார்மோன் தயாரிக்க மூலப்பொருள் வழங்கிய குற்றம் என்று அன்று மாலையே ஆணை பிறந்தது. பாகு வைக்காமல் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பச்சமுத்துவை உட்காரவைத்தார்கள்.

பச்சமுத்து கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். காலை பத்து மணிக்கு வந்து மாலை ஐந்தே முக்காலுக்குப் போனார். இன்னாசிமேரி கொடுத்த மோரைக் குடித்தார். ஐந்தாம் நாள் அவர் போன பிறகு இன்னாசிமேரி பத்துப் பெட்டிக்குப் பாகு வைத்தார். மறுநாள் காலை பச்சமுத்து கிண்ணத்தைப் பார்த்தார். பார்த்தது வருத்தத்தோடுதான். வருத்தத்தோடேயே அறிக்கையில் எழுதினார். அடுத்த நாளிலிருந்து இரண்டு ஷிப்ட் காவல் போட்டார்கள்.

அப்புறம் சொல்ல அதிகமில்லை. இருபத்தாறு பெட்டித் தேனீக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, குஞ்சுகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு கூட்டமாக எழும்பிப் பறந்துபோயின. கிளம்புகிற அளவுக்கு எண்ணிக்கையோ தெம்போ இல்லாத மிச்சப் பெட்டிகளில் தேனீக்கள் அடிப்பலகைமேல் விழுந்து கிடந்தன. கடைசிச் சத்தமும் அடங்கிய நாளன்று உபகாரசாமி ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். நாற்பதாவது பெட்டியிலிருந்து நிமிர முதுகு இடம் கொடுக்கவில்லை. இன்னாசிமேரி வந்து கைத்தாங்கலாகத் தூக்கினார். ஏழு வருஷம் ஐயா. ஏழு வருஷம் பூவின் பின்னால் அலைந்து வளர்த்ததை, நாற்காலி போட்டு உட்கார்ந்து கொன்றார்கள்.

இறுதிப் பரிசோதனைக்கு மாதிரி வேண்டும் என்று பச்சமுத்து அடிப்பலகையைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துக்கொண்டு போனார். முடிவு வந்தது. ஹார்மோன் கண்டறியப்படவில்லை.

இந்தத் தடவை லட்டோடு முறுக்கும் கொடுத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மாநிலத்தின் முதல் ஹார்மோன் இல்லாத தேனீப் பண்ணைக்குச் சான்றிதழ். மேடையில் கைலாசம் முக்கால் மணி நேரம் பேசினார்.

"இந்த ஆணையம் எதையும் கண்டுபிடிக்காதுன்னு சொன்னாங்க. கண்டுபிடிச்சோம். கண்டுபிடிச்சதை ஒழிக்க முடியாதுன்னு சொன்னாங்க. ஒழிச்சோம். இயற்கை தன் இஷ்டத்துக்கு நடந்துக்கிட்டிருந்த ஒரு துறையில முதல் தடவையா நிர்வாகம் நுழைஞ்சிருக்கு. எதிர்ப்பு இல்லாமலா? ஆறு லட்சம் தேனீயும் எதிர்த்துச்சு. இன்னைக்கு ஒண்ணு எதிர்க்குதா? இதோ, நம்ம உபகாரசாமியே சாட்சி."

உபகாரசாமிக்குச் சால்வை போட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்து, மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஹார்மோனை முற்றிலும் ஒழித்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

"எல்லாம் செத்துப் போச்சுங்க. செத்ததுக்கு எப்படீங்க சுரக்கும்?"

கைலாசம் முதலில் கை தட்டினார். மண்டபமே தட்டியது. அவர் பக்கத்தில் இருந்தவர் அந்த வாக்கியத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. ஐந்து மாவட்டத்தில் தேனீ வளர்க்கும் எல்லோரும் பின்பற்ற வேண்டிய வழிமுறை. முதலில் மூத்த தேனீக்களை அகற்றுதல். இரண்டாவது, இடம் பெயர்க்காதிருத்தல். மூன்றாவது, மூலப்பொருளை நிறுத்துதல். நாற்பது நாளில் ஹார்மோன் பூஜ்யம். கடைசி வரியில், இதை வெற்றிகரமாகச் செய்துகாட்டிய முன்னோடியைப் பெருமைப்படுத்தும் விதமாக இது இனி உபகாரசாமி முறை என்று வழங்கப்படும் என்று இருந்தது.

உபகாரசாமி அந்த வரியை வாசித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெட்டி போனது ஒரு துக்கம். அதைக் கொன்றவன் என்று தன் பெயரே ஐந்து மாவட்டத்துக்கும் போகிறதே என்பது அதைவிடப் பெரிய துக்கமாக இருந்தது.

மறுநாளே அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நான்சி என்ற பெண் போன் செய்தார். அவருக்கு இருபத்திரண்டு பெட்டி. புருஷன் இல்லை.

"அந்த உபகாரசாமி நீங்கதானா?"

"ஆமாங்க. நான்தானுங்க."

"உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்? படிவத்தைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற இன்னாசிமேரி போனை வாங்கினார்.

"படிவத்துல பதினாலாவது கட்டம் இருக்குதுங்களா? ஊசி போட்டவர் பேருன்னு?"

"இருக்குது."

"காலியா உடாதீங்க, எடுக்காது. உங்க பேரையும் எழுதாதீங்க. கைலாசம்னு எழுதுங்க. மண்டல இயக்குநர், நாமக்கல்னு பதவியும் போட்டுருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரு தேனீ வச்சிருந்தாலும் அதையே எழுதச் சொல்லுங்க சாமி."

நான்சி தெரிந்தவர்களுக்குச் சொன்னார். அவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஐந்து மாவட்டத்திலிருந்தும் படிவங்கள் வந்து சேர்ந்தன. பச்சமுத்து ஒவ்வொன்றாக ஏற்றினார். பதினான்காவது கட்டத்தில் இருந்த பெயரை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கட்டம் காலியாக இல்லை, அது போதும் என்று ஏற்றிவிட்டார். மோர் குடித்த மனிதர்.

மாத முடிவில் கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி நோட்டீஸ் அடித்துத் தள்ளியது. ஊசி போட்டவர் கைலாசம். தேனீக்கள் மூன்று கோடியே பன்னிரண்டு லட்சம். பயன்படுத்திய அத்தனை ஊசிகளையும் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் அழித்தார் என்பதற்கு ஏழு நாளில் சான்று தர வேண்டும். அதுவரை அவர் இருக்கும் இடத்தைவிட்டு நகரக்கூடாது.

கைலாசம் அதை ரத்து செய்யச் சொல்லிக் கத்தினார். நகரக்கூடாது என்ற ஆணையை நீக்க இடப்பெயர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டும் என்று பச்சமுத்து பணிவாகச் சொன்னார். கடைசி அறையில் ஆறு பேர் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அதே வாரம் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு, சங்ககிரியில் வெயிலில் கிடந்த நாற்பது காலிப் பெட்டிகளில் ஒன்றில் எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து இறங்கியது. இன்னாசிமேரிதான் முதலில் பார்த்தார். உபகாரசாமி காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு கிண்ணத்தில் பாகு காய்ச்சி உள்ளே வைத்தார். அன்று பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கியதும், யாரிடமும் ஒரு கையெழுத்தும் வாங்காமல், பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிந்தி விதைத்த ஓர் எள்ளுக்காட்டுக்கு வண்டி ஏறினார்.